கைலாசம் கண் மூடும் நேரம்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டி ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில் காலை ஆறரை மணிக்கு மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது, பால்காரர்கூடச் சைக்கிளை முனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் குடிதண்ணீர் என்றைக்கு வரும், குப்பை வண்டி எப்போது வரும் என்று சொல்கிற அதே குரலில் வீட்டுக்காரர்கள் இதையும் சொல்லிவைப்பார்கள்: "ஆறரைக்குக் கைலாசம் அண்ணாச்சி கண்ண மூடுவாங்க, அவங்க மக பேசும், சத்தம் போட்டுராதீங்க." அந்த மகள் செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆகிறது என்பதைச் சிலர் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் சொல்ல மறந்துபோவார்கள்.

கைலாசத்துக்குப் பாத்திரக்கடை. குடமோ தூக்குவாளியோ தாம்பாளமோ, எதை வாங்கினாலும் கடைக்காரரே அதில் பெயர் வெட்டிக் கொடுக்க வேண்டும், பெயர் இல்லாத பாத்திரம் கல்யாண வீட்டுக்குப் போனால் வீடு திரும்பாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் காலையில் கடை திறந்ததிலிருந்து பெயர் வெட்டுகிற மிஷின் அவர் கையில் டர்ரென்று துடித்துக்கொண்டே இருக்கும், கடையை அடைத்த பிறகும் அது காதுக்குள் ஓடும், சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்குள்ளும் ஓடும். கொஞ்சம் அமைதி கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவரை யாரோ வாடிக்கையாளர் ஒருவர் வடக்கே ஒரு மலைமேல் நடக்கிற பத்து நாள் முகாமுக்குப் போகச் சொன்னார், போனார். மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் பார், வலி வந்தால் வலி என்று பார், சத்தம் வந்தால் சத்தம் என்று பார், பார்த்துவிட்டு விட்டுவிடு, எழுந்திருக்காதே என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். வீடே பற்றி எரிந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு அசையக் கூடாது என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதைக் கைலாசம் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கும் மனைவி கோமுவுக்கும் ஒரே பெண், பெயர் உலகம்மை, கூப்பிடுவது உலகு. ஏழு வயது, குளிர்காலம் வந்தால் மூச்சிளைப்பு வரும், மற்றபடி வாய் ஓயாது. அந்த மார்கழிக் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்ததென்று கோமு குடங்களோடு போயிருந்தாள், கைலாசம் உள் அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், உலகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அப்பா" என்றாள். அவருக்குக் கேட்டது. சத்தம் என்று பார்த்தார். "அப்பா" என்று இன்னொரு தரம் கூப்பிட்டாள், அதையும் சத்தம் என்று பார்த்து விட்டுவிட்டார், ஏனென்றால் அன்றைக்கு மூச்சு அவ்வளவு மெல்லியதாக, அவ்வளவு அழகாக வந்து போய்க்கொண்டிருந்தது. பாவி மனிதர் தன் மூச்சை ரசித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், திரும்பிப்போன பக்கத்து அறையில் பெற்ற பெண்ணுக்கு மூச்சு கிடைக்காமல் போய்விட்டது.

அவர் அதை மறைக்கவில்லை. "எனக்குக் கேட்டுச்சு கோமு. ரெண்டு தடவ கூப்பிட்டா. நான் எந்திக்கல" என்று அன்றைக்கே, பிள்ளை நடுவீட்டில் கிடக்கும்போதே சொல்லிவிட்டார். கோமு அவரை அடித்திருக்கலாம், ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கலாம், பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் ஒன்றும் செய்யாமல் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் தலைமுடியைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு கைலாசம் உள் அறைக்குள் போய் மறுபடியும் உட்கார்ந்தார். என்ன நெஞ்சழுத்தம் என்று கேட்கலாம், கேட்டவர்களும் உண்டு. அழத் தெரியாத மனிதருக்கு வேறு எதுவும் தெரியவில்லை, உட்காரத்தான் தெரிந்தது. கண்ணை மூடினார், மூச்சைத் தேடினார், அது மூச்சாக இல்லை, முள்ளாக இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே கோமு தரையில் உட்கார்ந்து கைகளை நீட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து வாசற்படியில் சிலையாக நின்றாள், இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது. அவர் மூடிய கண்ணுக்குள்ளிருந்தா, நெஞ்சுக்குள்ளிருந்தா, எங்கிருந்து என்று சொல்ல முடியாத ஓரிடத்திலிருந்து உலகு பேசியிருந்தாள். அவர்கள் கேட்டார்கள், பதிலுக்குப் பேசினார்கள், அவள் அதற்குப் பதில் சொன்னாள். கைலாசத்துக்குத் தண்டவாளத்தில் போன ரயில் கேட்டது, காக்கை கேட்டது, மகள் பேச்சும் மகளோடு பேசியவர்கள் பேச்சும் மட்டும் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"ஏங்க, உலகு பேசுனா. அவ என்ன சொன்னான்னா..." என்று கோமு ஆரம்பித்தாள்.

கைலாசம் கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாத கோமு. நானே கேக்கணும்."

பிறர் சொல்லித் தெரிந்துகொள்வது அறிவு ஆகாது, தானே அனுபவித்துத் தெரிந்ததுதான் அறிவு என்று முகாமில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள், தியானத்தில் உட்கார்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு ஒரு போதை. என் பெண் என்னிடம் பேசுகிறாள், அதை இன்னொருவர் வாயால் கேட்பதா, மனத்தை இன்னும் கொஞ்சம் அடக்கினால் நேராகவே கேட்கும் என்று நினைத்தார். நல்ல எண்ணத்தில்தான் நினைத்தார். கோமு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள், எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் அவரிடம் எடுக்கவே இல்லை. அண்ணாச்சிக்கு யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது, அவர் தானாகக் கேட்கப்போகிறார் என்று தெருவுக்கும் மரியாதையாகத் தெரிவிக்கப்பட்டது, தெருவும் கட்டுப்பட்டது. அவருக்குத் தெரியாததை நாம் மட்டும் தெரிந்துவைத்துக்கொள்வது நன்றாக இருக்காது, ஆகவே இந்தக் கதையும் அவர் காதோடுதான் போகும்.

முதலில் கூட்டம் வந்தது, பிறகு பழகிப்போனது. வாய் பேசாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள், குறி கேட்க வந்தவர்களைப் பாத்துமுத்து வாசல் பெருக்குகிற வாரியலோடு விரட்டினாள். ஒரு டாக்டர் வந்து, கைலாசத்தைக் கண்ணை மூடச் சொல்லி, அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சளி இருக்கிறது என்று மருந்து எழுதிக் கொடுத்தார், கோமு அதை வாங்கிவந்து அலமாரியில் வைத்தாள். கண்ணிமைக்கிற நேரத்தில் ஒன்றும் வராது என்றும், அவர் தூங்கினால் அவளும் தூங்கிவிடுவாள் என்றும், அவர் விழிப்போடு உட்கார்ந்து கண்ணை மூடினால்தான் பேச்சு வரும் என்றும் தெரு கண்டுபிடித்தது. அதன்பின் ஆறரை மணி ஏற்பட்டது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் எதிரே உட்கார்ந்து விட்டுப்போன பாடத்தை நடத்த ஆரம்பித்தார், அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பு டீச்சர் வந்தார். உலகு வளர்ந்தாள். செத்த பிள்ளை வளருமா என்று யாரும் கேட்கவில்லை, பெண் பிள்ளைகள் சட்டென்று வளர்ந்துவிடும் என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

கைலாசம் முதலில் பழைய மலைக்கே போனார். நூறு பேர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மண்டபம், அங்கே அவர் கண்ணை மூடினால் தமிழ்ப் பெண் ஒருத்தி பேசத் தொடங்கினாள், பேசிச் சலித்தபோது பாடினாள். பஞ்சாபிகளும் மராத்தியரும் வெள்ளைக்காரர்களும் ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள், குரு அவரைக் கூப்பிட்டு, உனக்குள் இருக்கிற ஒருத்தி மௌன விதியை மீறுகிறாள், இருக்கட்டும், அதையும் பார் என்று மட்டும் சொன்னார். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, தட்டுக் கழுவுகிற இடத்தில் பக்கத்தில் நின்ற உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் தன்னை அறியாமல் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தார். மூக்கால் முனகியது, சொல் இல்லை, ஆனால் நடுவில் ஒரு இழுப்பு இருந்தது, அது உலகுவின் இழுப்பு, பல்லாங்குழி ஆடும்போது இழுக்கிற இழுப்பு. இன்னொரு முறை என்று கேட்க வாய் வந்தது, முகாம் முடிகிற வரை யாரோடும் பேசக் கூடாது. அவர் தட்டைக் கழுவியபடியே நின்றார், கழுவிய தட்டையே திரும்பக் கழுவினார், அந்த மனிதர் தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போய்விட்டார். முகாம் முடிந்த அன்று தேடிப் போனபோது அவர் விடியற்காலை வண்டிக்கே கிளம்பியிருந்தார்.

அடுத்து ஜோதி வழிபாட்டுக்காரர்களிடம் போனார். அவர்கள் நல்லவர்கள், முதலில் சாப்பிட வைத்தார்கள், பிறகு ஒரு விளக்கை எதிரே வைத்துக் கண் இமைக்காமல் பார்க்கச் சொன்னார்கள். கண் திறந்தே இருந்ததால் உலகு வரவில்லை. ஆனால் தன்னையும் மீறி ஒரு நாள் உள்ளே திறந்துகொள்ளும், அப்போது கேட்கும் என்று நம்பி ஒரு முழு வருஷம் விளக்கைப் பார்த்தார், கண்ணில் நீர் வற்றுகிற வரை பார்த்தார். அந்த வருஷம் கோமு அவர் வருகிறாரா என்று தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள் என்று பிறகுதான் அவருக்குத் தெரியும். அவர் திரும்பி வந்த காலையில் அவள் அவரை வா என்றுகூடச் சொல்லவில்லை, மணையை எடுத்துப் போட்டு, "கண்ண மூடுங்க" என்றாள்.

காயல் கரையில் ஒரு பெரியவர் வட்டமாக உட்கார்ந்து இறைவன் பெயரை மூச்சில் ஏற்றுகிறார் என்று பாத்துமுத்துதான் சொன்னாள், அவளுடைய தம்பியே கூட்டிக்கொண்டு போனான். பெயர் மூச்சாகி, மூச்சு நெஞ்சாகி, வட்டம் முழுவதும் ஒரே உடம்பாக அசைந்துகொண்டிருந்தபோது எல்லோரும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கைலாசம் மட்டும் மூடிய கண்ணோடு, காதில் அலைச் சத்தத்தோடு அசைந்துகொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் கேட்டதச் சொல்லட்டுமா தம்பி?" என்றார். கைலாசம் தலையை ஆட்டி மறுத்தார். "சரி. அப்ப நான் எம் பொண்ணுகிட்ட பேசிட்டு வர்றேன்" என்று பெரியவர் எழுந்துபோய், ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லாமல் இருந்த மகளுக்குக் கொழும்புக்குப் போன் போட்டார்.

கொடைக்கானல் பக்கம் சுவரைப் பார்த்து உட்காருகிற ஒரு மடம் இருந்தது, அங்கே கண்ணைப் பாதிதான் மூட வேண்டும். பாதி மூடிய கண்ணுக்கு உலகுவும் பாதிதான் வந்தாளாம், சொல் பாதியில் தேய்ந்து, நாக்கில் நிற்காமல் வெறும் காற்றாக வந்ததாம், உடன் உட்கார்ந்திருந்த கன்னியாஸ்திரி ஒருவருக்கு அது தாங்காமல், முழுக்க மூடும் அல்லது முழுக்கத் திறந்துகொள்ளும், பிள்ளையை இப்படி நடுவாசலில் நிறுத்தாதீர் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். குற்றால மலையில் ஒரு சாமியார் மூச்சை அடக்கக் கற்றுக்கொடுத்தார். மூச்சை அடக்கி இருக்கும்போது நெஞ்சு வெடித்துவிடும்போல் ஆகும், அந்த வேதனையைக் கைலாசம் யாருக்கும் சொல்லாமல் விரும்பினார், இப்படித்தானே இருந்திருக்கும் என்று இன்னும் கொஞ்சம் அடக்குவார், இன்னும் கொஞ்சம். ஒரு நாள் மயங்கி விழுந்தார், சாமியார் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் கீழே அனுப்பிவைத்தார்.

ஒவ்வொரு இடத்திலிருந்தும் வீட்டுக்கு வருவார், ஆறரைக்கு உட்காருவார், கண்ணைத் திறக்கும்போது வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்து மகளைத் தெரிந்துகொள்வார். ஒரு நாள் கண்ணைத் திறந்தால் தெருப்பிள்ளைகள் வாயெல்லாம் மிட்டாய், பரீட்சையில் தேறியிருக்கிறாள். ஒரு நாள் கோமு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள், தாயும் மகளும் சண்டை போட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் கண்ணைத் திறந்தபோது மூலையில் பச்சை ஓலைக் குச்சில் இருந்தது, மஞ்சள் தண்ணீர் தரையில் ஓடியிருந்தது, உளுந்தங்களி வாசனை வந்தது, கோமுவின் அண்ணன் தாய்மாமன் சீரோடு புது வேட்டியில் நின்றுகொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாமல் சிரித்தார். கைலாசம் எழுந்து கடைக்குப் போனார். அன்றைக்கு வந்த குடங்களில் எல்லாம் தப்புத் தப்பாகப் பெயர் வெட்டினார், யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

சொல்லு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெருவே சொல்லியிருக்கும். ஆனால் வருஷம் ஏற ஏற அந்த வார்த்தை கனத்துவிட்டது. இத்தனை மலை ஏறி, இத்தனை வாசலில் உட்கார்ந்து, முட்டி இரண்டும் தேய்ந்த பிறகு இப்போது கேட்டால், இத்தனையும் எதற்கு என்று ஆகிவிடாதா? கோமுவும் சொல்லியிருக்கலாம்தான். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதை ஒரு தரம் கொடுக்க வந்து கை தட்டிவிடப்பட்டது, இரண்டாம் முறை நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே குழம்பில், ஒரு பெண்ணை இரண்டு பேரும் தனித்தனியாக வளர்த்தார்கள்.

பிறகு ஒரு தை மாசம் கோமுவும் பாத்துமுத்துவும் சேர்ந்து பட்டு எடுக்கப் போனார்கள். தெருவில் ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள், கைலாசம் வந்தால் பேச்சை மாற்றினார்கள். வாசலுக்கு வெள்ளையடித்தார்கள். கோமு பழைய சங்கிலியை அழித்துத் தாலிக்கொடி செய்யக் கொடுத்தாள். கைலாசத்துக்குப் புரிந்துவிட்டது. பெண்ணைக் கொடுத்துவிட்டால் அவள் அந்த வீட்டுப் பெண், அவர் கண்ணுக்குள் எதற்கு வரப்போகிறாள்? மாப்பிள்ளை யார், எந்த ஊர், இருக்கிறவனா இல்லாதவனா என்று அவர் கேட்கவில்லை. அவள் போவதற்குள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கடையை அடைத்தார். மூச்சு, ஜோதி, பெயர், சுவர் என்று கற்றதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார், காலையும் உட்கார்ந்தார், மாலையும் உட்கார்ந்தார், வயதான உடம்பைக் கசக்கிப் பிழிந்தார். தெரு அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டது, கல்யாணப் பெண்ணுக்குப் பேச நிறைய இருந்தது.

அந்தக் காலையில் கோமு அவருக்கு வேட்டியை எடுத்துக் கொடுத்தாள், நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். வருஷக்கணக்காகத் தொடாத கை தோளில் பட்டது. "இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா உக்காருங்க" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"முடியுறவரைக்கும்."

அவர் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், கற்றது ஒன்றையும் எடுக்கவில்லை, எடுக்கத் தெம்பு இல்லை. அப்போது அது வந்தது. எங்கெங்கோ தேடியது சொந்த வீட்டு உள் அறையில், யாரும் சொல்லித்தராமல் வந்தது. மிஷின் சத்தம் நின்றது, காக்கை நின்றது, ரயில் நின்றது, கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் முட்டிக்கொண்டிருந்ததும் நின்றது. இதோ இப்போது கேட்கும் என்று கடைசியாக ஒரு நினைப்பு வந்து, அதுவும் கரைந்தது. அங்கே மகளும் இல்லை, அவரும் இல்லை, வலி இல்லை, குற்றம் இல்லை, வெள்ளை வெளேர் என்று ஒரு நிம்மதி இருந்தது. பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் இதற்குத்தான் வீட்டை விட்டுப் போனார்கள். பாத்திரக்கடைக் கைலாசத்துக்கு அது கிடைத்தது, அவர் அதற்குள் முழுகி இருந்தார், வாழ்நாளில் அப்படிச் சுகமாக அவர் இருந்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது வெயில் நடுவீடு வரை வந்திருந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. வீடு நிறையத் தெரு இருந்தது, பட்டும் பூவும் சந்தனமுமாக இருந்தது, எல்லோரும் அழுது ஓய்ந்த முகத்தோடு அவரைப் பார்த்தார்கள். சுவரோரம் புதுக் குடமும் அண்டாவும் அடுக்கியிருந்தன, அவற்றில் உலகம்மை என்று அடுத்த தெருக் கடைக்காரன் கோணலாகப் பெயர் வெட்டியிருந்தான். வலது கை ஈரமாக இருந்ததைக் கைலாசம் பிறகுதான் உணர்ந்தார், உள்ளங்கையில் ஒரு வெற்றிலை ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் வழியே வேட்டியில் தண்ணீர் சொட்டியிருந்தது. பெண்ணைப் பெற்றவன் கையால் தாரை வார்த்தாகிவிட்டது, அந்தக் கை அவருடையதுதான், கோமு தாங்கிப் பிடித்து ஊற்றியிருக்கிறாள்.

"உலகு போயாச்சு அண்ணாச்சி" என்றாள் பாத்துமுத்து. தெருவின் கட்டுப்பாடு எதுவும் அவளுக்கு அப்போது நினைவில்லை. "கிளம்புறதுக்கு முன்னால உங்க முன்னாடியேதான் நின்னுச்சு புள்ள. சொல்லிட்டுத்தான் போவேன்னு நின்னுச்சு. கார்க்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்."

"என்ன எழுப்பலாம்லா? தொட்டிருந்தா எந்திச்சிருப்பேனே."

"நீங்க கண்ணத் தொறந்தா அவ பேச்சு நின்னுருமே அண்ணாச்சி. இங்க யாரு உங்கள எழுப்புவா?"

அவர் கண்ணை மூடிப் பார்த்தார். எல்லோரும் காதைத் தீட்டினார்கள். பாத்துமுத்து கோமுவைப் பார்த்தாள், கோமு மெல்லத் தலையை ஆட்டினாள். அவர் மறுபடி திறந்து மறுபடி மூடினார், அப்படி நாலைந்து தரம் செய்தார், பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் யாரோ வந்து, அண்ணாச்சி, இலை போட்டிருக்கு, வாங்க என்று கையைப் பிடித்து எழுப்பினார்கள். தெரு அப்பளத்தோடும் பாயசத்தோடும் சாப்பிட்டது, பந்தி விசாரித்தது, மிச்சக் குழம்பைத் தூக்குவாளிகளில் ஊற்றிக்கொண்டது, கல்யாண வீட்டில் எப்படியோ அப்படியே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனது. சாயங்காலம் யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது.

கோமு பட்டுச்சேலையை மாற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கைலாசம் போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்கவில்லை, காலை நீட்டிக்கொண்டார்.

"சொல்லு கோமு."

"என்னத்த?"

"எல்லாத்தையும். நீ சொல்லு, நான் கேக்கேன்."

இவ்வளவு வருஷமும் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தவள் மாதிரி அவள் முகம் மாறவில்லை. களைத்துப்போயிருந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவில் எங்கோ ஆரம்பித்தாள். கத்திரிக்காய் ஆகாது அவளுக்கு, என்றாள். கணக்கு வராது, ஆனா பாட்டு ஒரு தடவ கேட்டாப் போதும். எட்டாப்பு படிக்கும்போது பாத்துமுத்து வீட்டுப் பூனை செத்ததுக்கு ரெண்டு நாள் பேசவே இல்ல. பெரிய மனுஷி ஆனப்ப நான் பயந்த அளவுக்கு அவ பயப்படல. கோவம் வந்தா உங்கள மாதிரி வாய மூடிக்கிடுவா, நான்தான் கெஞ்சணும். மாப்பிள்ளைய அவளே பாத்துக்கிட்டா, நல்ல பையன், கொஞ்சம் திக்கும். கோமு சொல்லிக்கொண்டே போனாள், கைலாசம் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினார். கண்ணை மூடாமல், துடைக்கக்கூட மூடாமல், வழிகிறது வழியட்டும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதன்முறையாக மகள் பேச்சு அவருக்குக் கேட்டது, அது மனைவியின் குரலில் இருந்தது.

வெகுநேரம் கேட்ட பிறகு, கேட்கவா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, ஒன்று கேட்டார்.

"என்னப் பத்தி எதுவும் கேட்டாளா கோமு?"

கோமு தலையில் இருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெனமும் கேப்பா."

"என்னன்னு?"

"நீங்க கண்ண மூடுனதும் மொதப் பேச்சே அதான். அதக் கேட்டுட்டுத்தான் மத்தது. சின்னப் புள்ளைல இருந்து இன்னைக்குக் காலைல வரைக்கும் ஒரு நாள் விடல. 'அப்பா எந்திச்சிட்டாங்களாம்மா'ன்னு கேப்பா."

கைலாசம் உள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ என்ன சொல்லுவ?"

"இன்னும் இல்லம்மான்னு சொல்லுவேன்" என்றாள் கோமு.